பதினொரு பித்தளைக் கோதுகள்

சனிக்கிழமை காலை ஆறு ஐம்பது. குசினி மேசையில், சுப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளின் மேல், பதினொரு பித்தளைக் கோதுகள் வரிசையாக நின்றன. அப்பா குனிந்து, ஒரு கோதைக் கண்ணாடித் துண்டில் உருட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பத்து வயது. டென்மார்க்கின் பிராண்டேயில் அது எங்கள் ஆறாவது பனிக்காலம்.

கோதுகள், சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெறும் கூடுகள், பக்கத்து வீட்டு டேனிஷ்காரருடையவை. அவர் அப்பாவின் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். சுட்ட கோது உப்பிவிடும். அதை ஓர் எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி பாவிப்பார்கள். அவருடைய அச்சு கோதின் கழுத்தைத் தேவைக்கு மேல் நெரித்தது. நெரிந்த கழுத்தை விரித்துக்கொண்டு அச்சின் நடுவிலுள்ள சிறு உருண்டை வெளியே வரும்போது, கழுத்தை ஒரு பக்கமாக இழுத்தது. கழுத்துக் கோணினால் அதில் செருகும் சன்னமும் கோணலாகத்தான் உட்காரும்.

"கழுத்துச் சுளுக்கினவன் மாதிரி நிக்குது, பார்," என்றார் அப்பா. கழுத்தைத் தொட்டிருந்த அளவுமானியின் ஊசி எட்டுக் கோடு ஆடியது.

அப்பா லேத் வேலைக்காரர். அச்சின் கழுத்துப் பகுதியை மயிரிழையளவு அகலமாக்கினால் உருண்டை இழுக்காமல் வரும் என்பது அவர் கணக்கு. அந்த எஃகைத் துளையிட முடியாது. ஒரு செப்புக் கம்பியில் அரைக்கும் பசையைப் பூசி, கராஜில் இருந்த சின்ன லேத்தில் மூன்று நாள் தேய்த்திருந்தார். அளப்பதற்கு மட்டும் குசினிக்கு வந்தார். குளிரில் அளவு பிழைக்குமாம்.

அம்மா வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். துவக்கோடு சம்பந்தப்பட்ட எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. தம்பிக்குப் பிறந்தநாளுக்கு வந்த தண்ணீர்த் துவக்குக்கூடக் குப்பைக்குப் போனது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து அம்மா எட்டேகாலுக்கு வருவார். அதற்குள் மேசை வெறுமையாக வேண்டும்.

ஏழரைக்கு, தேய்த்த அச்சில் அழுத்திய கோதை உருட்டியபோது ஊசியின் ஆட்டம் ஒன்றரைக் கோட்டோடு நின்றது. அப்பா மூன்று தரம் அளந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒன்று எனக்கு வேண்டும் என்று டேனிஷில் கேட்டேன்.

"வைச்சிரு. அம்மாட்டக் காட்டிப்போடாதை."

டேனிஷ்காரரிடம் பத்துத்தான் திரும்பிப் போயின. ஒன்று பரிசோதனையில் பழுதாகிவிட்டது என்று அப்பா சொன்னார்.

அடுத்த புதன்கிழமை மாமாவின் திவசம். மாமா அம்மாவின் தம்பி. நான் பிறக்குமுன் காய்ச்சலில் செத்தவர் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். படத்துக்கு முன்னால் வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி ஒவ்வொரு வருடமும் சரியும். சாம்பல் வெள்ளைத் துணியில் விழும். நான் போய் என் கோதை எடுத்துவந்தேன். அதன் வாயில் மூன்று ஊதுபத்திக் குச்சிகள் இறுக்கமாக, நேராக நின்றன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

அம்மா நெருப்புப்பெட்டியோடு வந்தார். தீக்குச்சியை உரசினார். அது விரல்வரை எரிந்து அணைந்தது.

"இது ஆர் வைச்சது?"

"நான்தான். நேரா நிக்குதெல்லோ?"

அப்பா படையல் இலையோடு வாசலில் நின்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

"உங்களுக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?"

"அது வெறும் பித்தளையப்பா. உள்ளுக்கு ஒண்டுமில்லை," என்றார் அப்பா.

"எனக்குத் தெரியும் அது என்னெண்டு."

அம்மா குச்சிகளை உருவி வாழைப்பழத்தில் குத்தினார். கோதைக் குசினித் தாளில் சுற்றினார். சேலைக்கு மேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் இறங்கிப் போனார். யன்னலால் பார்த்தேன். டேனிஷ்காரர் கதவைத் திறந்தார். அம்மா பொட்டலத்தை அவர் கையில் வைத்து ஏதோ சொன்னார், நீளமாக இல்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். அம்மா நடந்து வந்த பிறகும் அவர் வாசலிலேயே நின்றார்.

பிறகு படைத்தோம், சாப்பிட்டோம். யாரும் என்னை ஏசவில்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. அடுத்தவரின் பொருளை வைத்திருந்ததுதான் என் குற்றம் என்று முடிவு செய்து, இனிக் களவெடுக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவி, "ஓம், நல்லது," என்றார்.

பதினெட்டு வயதில், அம்மாவின் பத்திரங்களை அடுக்கும்போது மாமாவின் மரணப் பதிவு கையில் அகப்பட்டது. காரணம்: துப்பாக்கிச் சூட்டுக் காயம். வயது: பத்தொன்பது. சடலத்தை அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து இருந்தது.