கிள்ளு டாக்டர்

மாட்டின் பின்னங்காலைக் கிள்ளிவிட்டு முகத்தைப் பார்க்கிறார் கால்நடை மருத்துவர். நீண்ட இடுக்கியின் வாய் இரண்டு குளம்புகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தோலைக் கவ்வியிருக்கிறது. அவர் கண்ணோ அந்தக் கோடியில், மாட்டின் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"காலைக் கிள்ளிட்டு மூஞ்சியப் பார்க்கிறீங்களே, சார்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"சேதி போகுதான்னு பார்க்கிறேன்" என்பார். அதற்கு மேல் பேச அவருக்குத் தெம்பிருப்பதில்லை.

அவருக்காக நாம் சொல்லிவிடலாம். கிள்ளினால் கால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அது கிளை அலுவலகம் தன் பொறுப்பில் செய்கிற காரியம். முதுகுத்தண்டோடு கோப்பை மூடிவிடும். மாடு தலையைத் திருப்பி, 'எவன்டா அவன்?' என்று பார்த்தால்தான் விஷயம் தலைமை அலுவலகம் வரை போயிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே, உலகமே உதைக்காத மாட்டைத் தேடிக்கொண்டிருக்க, உதை வாங்கினால் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர் இவர் ஒருவர்தான். அந்த நிம்மதியின் தழும்புகள் இரண்டு முழங்கால்களிலும் உண்டு.

ஊர் அவருக்குக் கிள்ளு டாக்டர் என்று பட்டம் கொடுத்து வெகு காலமாகிறது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. களைப்புக்கு வயது அதைவிட அதிகம் இருக்கும். கைப்பையின் ஜிப் அறுந்துபோய், நாய்க்குக் கட்ட வேண்டிய கட்டுத்துணியால் அதைச் சுற்றி முடிந்திருக்கிறார். ரப்பர் பூட்ஸில் இடதுகால் ஒழுகும். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். பணிவு என்று சிலர் மெச்சுவார்கள். உட்கார்ந்த மறுநிமிஷம் குறட்டை கிளம்பிவிடும் என்பதுதான் காரணம். அதனால் எங்கே போனாலும் குத்துக்காலிட்டுத்தான் இருப்பார்.

வீட்டில் அவர் மனைவி தன் தங்கையிடம் போனில் சொல்வாள், கணவர் காதில் விழும்படியாக: "மாட்டைக் கிள்ளினா மாடாவது திரும்பிப் பார்க்குதுடி. இவரைக் கிள்ளிப் பாரு, ஒண்ணும் நடக்காது." அவர் காதில் விழும். சேதி போய்ச் சேரும். திரும்பத்தான் தெம்பு வராது.

பின்னங்கால் நரம்புகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் குரலில் கொஞ்சம் உயிர் வரும். சம்பந்தி வீட்டு விவகாரம் போலச் சொல்லுவார். "முன்தொடையில ஒருத்தன் இறங்குறான். முழங்கால் மடங்காம நிக்க வைக்கிறது அவன் பாடு. உள்தொடையில ஒருத்தன், ரெண்டு காலும் விரியாம இறுக்கிப் பிடிக்கிறான். பின்னால வர்றார் பாருங்க, அவர்தான் குடும்பத்துக்குப் பெரியவர், கட்டைவிரல் தடிமன். முழங்காலுக்கு மேலயே பாகம் பிரிச்சுடுவார். ஒரு பிள்ளை பாதத்தை ஊன்றுவான், இன்னொருத்தன் தூக்குவான். தூக்குறவன் இருக்கானே, முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கமா, தோலுக்கு அடியிலேயே ஓடுறான். கொஞ்சம் அழுத்தினாப் போதும், படுத்துடுவான். சொகுசுப் பிள்ளை."

அன்று காலை அவரை அழைத்தவள் பால்காரம்மா. அவளிடம் இருப்பது ஒரே மாடு. தெருவில் பாதி வீடுகளின் காலைத் தேநீர் அதன் மடியிலிருந்துதான் வருகிறது. முந்தின நாள் மாடு கன்று போட்டது. கன்று பெரிசு, ஆட்கள் கயிறு கட்டி இழுத்ததில் கன்று பிழைத்தது, தாய் எழுந்திருக்கவில்லை. டாக்டர் போய்ச் சேருவதற்குள் அடிமாட்டு வியாபாரி வண்டியோடு வந்து, வாசலில் தீக்குச்சியால் பல் குத்திக்கொண்டு நின்றான்.

"என்னக்கா, ஏத்திடலாமா? மத்தியானத்துக்கு மேல என்னால நிக்க முடியாது."

"மாடே நிக்கல, நீ நின்னா என்ன, படுத்தா என்ன? சும்மா இரு" என்றாள் பால்காரம்மா. குரல்தான் தடித்திருந்தது. கை, முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது.

டாக்டர் கொட்டகைக்குள் காலை வைத்தார். வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரைப் பிடித்தார். சிமென்ட் தரை கண்ணாடி போல மின்னியது.

"யார் கழுவினது?"

"நான்தான் சார். நீங்க வர்றீங்கன்னு விடிஞ்சதுலேர்ந்து மூணு தரம் கழுவி விட்டேன்."

"மாடு எந்திரிக்கப் பார்த்துச்சா?"

"பார்த்துச்சு சார். ஒவ்வொரு தரமும் பின்னங்கால் ரெண்டும் ஆளுக்கொரு பக்கமா விரிஞ்சு, தொப்புனு விழுந்துடுச்சு."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். அவருடைய மரியாதைக்காகக் கழுவிய தரையில்தான் மாடு விழுந்துகொண்டிருக்கிறது. கன்று வெளியே வந்தபோது இடுப்பெலும்பில் நசுங்கியவன் உள்தொடைக்காரன். அது போதாதென்று அவன் எதிரில் பனிச்சறுக்குத் திடல்.

"அம்மா, அடுத்த தடவை எனக்காக எதுவும் செய்யாதீங்க. இப்ப ஒரு வண்டி மணல் கொட்டுங்க."

மாடு இடதுகாலை அடியில் போட்டுப் படுத்திருந்தது. இடதுகாலை வெளியே இழுத்துக் கிள்ளினார். முகத்தைப் பார்த்தார். மாடு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஓய்வுபெற்ற அதிகாரி போல.

"என்ன சார்?" என்றாள்.

"சேதி போகல."

"போகாதுங்க" என்றான் வியாபாரி. "நான் எத்தனை மாடு பார்த்திருக்கேன்."

"நீங்க பார்த்த மாடெல்லாம் இப்ப எங்க?" என்று கேட்டார் டாக்டர். வியாபாரி தீக்குச்சியை மறுபக்கம் மாற்றிக்கொண்டான்.

மணல் வந்தது. பழைய சாக்குகள் வந்தன. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாட்டைப் புரட்டி, அடியில் நசுங்கிய இடதுகால் மேலே வரும்படி மறுபக்கமாகப் படுக்கவைத்தார்கள். வியாபாரியும் வாலைப் பிடித்தான். பின்னங்கால் இரண்டையும், நடுவே ஓர் அடி இடைவெளி விட்டு, மெத்தென்ற கயிற்றால் சேர்த்துக் கட்டினார் டாக்டர். நரம்பு பிடிக்க மறந்ததைக் கயிறு பிடிக்கட்டும் என்று ஏற்பாடு. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒழுகுகிற பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, மாட்டின் பின்னால் குத்துக்காலிட்டார். பால்காரம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "என் பொண்ணு எந்திரிச்சுடுவாளா?"

"பார்ப்போம்."

வெயில் கொட்டகைக்குள் நகர்ந்தது. கன்று தூரத்திலிருந்து கத்தியது. வியாபாரி வண்டியை வாசலோடு ஒட்டி நிறுத்தி, பின்கதவை இறக்கி, பலகை சாய்த்தான். அந்தச் சத்தத்தில் பால்காரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் மறுபடி இடதுகாலைக் கிள்ளினார்.

கால் இழுத்துக்கொண்டது. அவர் அதை லட்சியம் செய்யவில்லை. பார்வை காதருகே இருந்தது. காது ஆடியது. பிறகு, மெதுவாக, பெரிய தலை திரும்பியது. ஈரக் கண் அவரை மேலும் கீழும் பார்த்தது. அவர் முகத்தில் சிரிப்பு வருவதற்குள் முழங்காலில் உதை வந்து சேர்ந்தது.

"போயிடுச்சு! கன்னுக்குட்டியக் கொண்டாங்க!" என்று கத்தினார்.

கன்றைக் கண்ணெதிரே காட்டியதும் மாடு முன்னே சாய்ந்து, பின்புறத்தை உந்தியது. கால்கள் விரியப் பார்த்தன, கயிறு விடவில்லை, மணல் வழுக்கவில்லை. நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றது. பால்காரம்மா அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வியாபாரி பலகையைத் தூக்கி வண்டிக்குள் எறிந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கவனித்தாள், டாக்டர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று. மணலில் பொத்தென்று உட்கார்ந்து, இடதுகாலை நீட்டி வைத்துக்கொண்டு, அதை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், மாடு எந்திரிச்சுடுச்சு. நீங்க?"

"குந்தியே இருந்தேன்ல... அந்தச் சொகுசுப் பிள்ளை படுத்துட்டான்மா. எனக்கும் கால் மரத்துப்போச்சு."

பால்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணலில் கிடந்த இடுக்கியை எடுத்து முந்தானையில் துடைத்தாள். அவர் கால் பக்கம் குனிந்து, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பிடித்து ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள்.