மயிலைக்காளையின் சிவப்புக் கொம்பு

என் மயிலைக்காளையின் இடது கொம்பு சிவப்பு. பிறவியில் வந்த நிறமல்ல, கடனில் வந்தது.

சிவசமுத்திரத்திலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்து சேராத காலம் அது. தங்கவயலின் எஞ்சின்கள் விறகைத் தின்றே ஓடின. பாய்லர் அணைந்தால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் கீழே சுரங்கத்தில் தண்ணீர் ஏறும். அதனால் காமசமுத்திரம் காட்டிலிருந்து மைசூர் மைன்ஸுக்கு வண்டி வண்டியாக விறகு போய்க்கொண்டே இருந்தது. அந்த வண்டிகளில் ஒன்று என்னுடையது. அப்படி நான்தான் சொல்லிக்கொண்டேன், வேறு யாரும் சொல்லவில்லை.

வண்டி, மயிலை, அதன் ஜோடியான வெள்ளை, மூன்றையும் விறகு மேஸ்திரியிடம் கடன் வாங்கித்தான் வாங்கியிருந்தேன். அவருக்கே விறகு ஓட்டினேன். சனிக்கிழமைக் கூலியில் பாதியை அவரே தவணையாகப் பிடித்துக்கொண்டு மீதியை என் கையில் வைப்பார். ஒரு வாரம் தவணை தவறினால் மயிலையை ஓட்டிப்போய்த் தன் பட்டியில் கட்டிவிடுவார். கட்டியிருக்கும் நாளுக்குத் தீவனச் செலவும் என் தலையில். அவருடைய கடன் மாடுகளை ஊரே அறிய வேண்டுமல்லவா? குழாய் மூட்டுகளுக்குப் பூசும் சிவப்புச் சாயத்தை இடது கொம்பில் தன் கையாலேயே பூசிவிடுவார். கடன் அடைந்த அன்று கண்ணாடிச் சில்லால் அவரே சுரண்டி எடுப்பார். அந்தச் சாயம் மழைக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. மண்ணெண்ணெய் சங்கதி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

கடனைச் சீக்கிரம் அடைக்க நான் ஒரு பெரிய யோசனை செய்தேன். என் யோசனைகளெல்லாம் பெரியவை. அதுதான் அவற்றின் கோளாறு.

காட்டுப்பாதைக் கல்லில் மாட்டு லாடம் சீக்கிரம் தேய்ந்துவிடும். லாடம் கட்டுகிறவர் மாட்டைச் சாய்த்து, பழையதைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, புதிது அடித்துக் காசு வாங்கிக்கொண்டு போவார். சுரங்கத்துப் பட்டறையில் ஜம்பர் கம்பிகளுக்குக் கூர் அடிக்கும் வேலை என் மச்சானுக்கு. பாறையைத் துளைக்கிற கம்பி அது. தேய்ந்து கட்டையாகித் தூக்கி எறிந்த துண்டுகளில் அவன் எனக்கு லாடம் அடித்துக் கொடுத்தான். என்ன இரும்பு! மாதக்கணக்கில் ஓட்டியும் ஒரு கீறல் விழவில்லை. கோரமண்டல் சுரங்கத்து மேட்டில் வண்டியை நிறுத்தி மற்ற வண்டிக்காரர்களுக்கு மயிலையின் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். லாடம் தேயாதபோது குளம்பை எதற்குச் சீவுவது? அதெல்லாம் லாடக்காரர் காசு பிடுங்கும் தந்திரம் என்று அடித்துச் சொன்னேன்.

லாடம் அப்படியே இருந்தது. குளம்பு மட்டும் அதைச் சுற்றி வளர்ந்துகொண்டே போயிற்று. ஒருநாள் காலை மயிலை முன்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை.

என் மனைவி அதன் காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "லாடம் நூறு வருசம் வரும்னியேய்யா, மாடு வருமா?"

மாட்டு வைத்தியர் பேத்தமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு நோஞ்சான் மட்டக்குதிரையில் வந்தார். வந்ததும், "வாயில்லாத ஜீவனுங்க, காசு இன்னாத்துக்கு?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் குதிரையைவிட்டு இறங்கியதற்குத் தனியாக, லாடத்தைக் கழற்றியதற்குத் தனியாக, மயில்துத்தத்துக்கும் வேப்பெண்ணெய்க்கும் தனியாகக் கேட்டபோது மறுபடி கலங்கிற்று. காசு வேண்டாம் என்றது பார்த்ததற்கு மட்டுமாம்.

கழற்றிய லாடத்தைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, "இத்த அடிச்சவன் யாரு?" என்றார்.

"எம் மச்சாங்க."

"மலைய ஒடைக்கிற இரும்புய்யா இது. லாடம் தேயல, காலு தேஞ்சிகினு கீது. உள்ள சீழ் கட்டிகிச்சி. சனிக்கெழம மறுபடி வந்து கீறணும். உட்டா எலும்புக்குப் பூடும்." குதிரையில் ஏறியபின் சேர்த்துக்கொண்டார்: "இன்னிக்கிக் காசும் அன்னிக்கிக் காசும் ஒண்ணாக் குடுத்துடு. ரெண்டு வாட்டி கேக்க எனக்கே வெக்கமா இருக்கும்."

நான் மேஸ்திரி வீட்டுக்கு ஓடினேன். அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, மாட்டுக்குக் கால் சரியில்லீங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கணும்."

"நான் பொறுப்பேன்டா. பாய்லர் பொறுக்குமா?"

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அவரே வழியும் சொன்னார். "எம் பட்டியில ஒரு மாடு சும்மாதான் நிக்கிது. இட்டுகினு போய் வெள்ளையோட பூட்டு. வாடகைய சனிக்கெழம பாத்துக்கலாம். இல்லியா, மயிலைய உட்டுடு. தோலுக்குன்னு ஒருத்தர் கேட்டுகினு கீறாரு."

வாடகை மாட்டை ஓட்டி வந்தேன். தவணை தவறிய யாருடையதோ, அதற்கும் இடது கொம்பு சிவப்பு. அது மேட்டைக் கண்டால் படுத்துக்கொள்ளும் சாதி. நந்திதுர்க் சுரங்கத்து ஏற்றத்தில் அது படுக்க, வெள்ளை என்னைத் திரும்பிப் பார்க்க, நான் பின்னால் போய் வண்டியைத் தோளால் தள்ளினேன். எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர், "இன்னாங்க, மூணு மாட்டு வண்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றில் என் கொம்பில்தான் சாயம் இல்லை. அதுகூட எனக்குக் கொம்பு இல்லாத குறைதான்.

சனிக்கிழமை வந்தது. தவணை போக, வாடகை போக, கையில் நின்றது மூன்று மாட்டுக்குத் தவிடு வாங்கவே காணாது. வைத்தியருக்குக் கொடுக்காவிட்டால் அவர் காலைக் கீறமாட்டார், சீழ் எலும்புக்குப் போய்விடும். தவணைப் பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி அவருக்குக் கொடுத்தால் மயிலை மேஸ்திரியின் பட்டிக்குப் போகும். அங்கே முழங்கால் சேறு. புண்ணோடு அதில் நின்றாலும் கால் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தோலுக்குக் கேட்டவர் நின்றுகொண்டிருந்தார். சுரங்கத்தில் ஆள் இறக்கும் கேஜ் நடுவழியில் நின்றுபோனால் மேலேயும் இருட்டு, கீழேயும் இருட்டு என்பார்கள். நான் வெயிலில் நின்றுகொண்டே அதைப் பார்த்தேன்.

சாயங்காலம் வைத்தியர் வாசலில் இருந்தார். நான் சிரிக்க வைத்துக் காலம் கடத்தப் பார்த்தேன். "வைத்தியரே, நீங்க எறங்காம குதிர மேலேந்தே வைத்தியம் பாத்தா எறங்கற கூலி மிச்சமாகும் இல்ல?"

அவர் சிரிக்கவில்லை. "வெளயாடாதய்யா. இன்னிக்கிக் காசு இல்லாம நான் திரும்ப முடியாது."

அதற்குள் என் மனைவி குதிரைக்குத் தண்ணீர் வைத்தாள். தாகத்தில் அது வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டது. தண்ணீர் அதன் முன்னங்காலில் கொட்டி, அப்பியிருந்த சேறு கரைந்து ஓடிற்று.

"யோவ், இங்க வந்து பாருய்யா," என்றாள்.

குதிரையின் இடது குளம்பு நல்ல சிவப்பு. எனக்குப் பழக்கமான சிவப்பு.

வைத்தியர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "குதிரைக்குக் கொம்பு இல்லியே," என்றார் மெல்ல. "எனக்கும் சனிக்கெழமதாங்க தவணை. தெனம் காலையில சேறு அப்பி மூடிகினுதான் பொறப்படுவேன். நீங்க குடுத்தாத்தான் நான் அங்க கட்ட முடியும். இல்லன்னா இந்தக் குதிரையும் பட்டிக்குப் பூடும்."

திடீரென்று அவர் என்னை 'நீங்க' என்று அழைத்ததைக் கவனித்தேன். ஒரே சாயம் பூசியவர்களுக்குள் அந்த மரியாதை வந்துவிடும் போலிருக்கிறது.

"ரெண்டு பேரும் ஒரே வாசலுக்குத்தான அழப்போறீங்க? ஒண்ணாப் போங்களேன்," என்றாள் என் மனைவி.

வழி நெடுக நான் வைத்தியருக்குத் தைரியம் சொன்னேன். இருவரும் சேர்ந்து நின்றால் மேஸ்திரி இளகித்தான் ஆக வேண்டும், பேச்சை என்னிடம் விட்டுவிடுங்கள் என்றேன். போய் நின்று பேசவும் செய்தேன். நன்றாகவே பேசினேன். மேஸ்திரி நாற்காலியில் இருந்தபடியே வெற்றிலையைத் துப்பினார்.

"இன்னாடா, நீ இவருக்குத் தரணும். இவரு எனக்குத் தரணும். அப்போ நீ எனக்குத் தரணும். இதுக்கா ரெண்டு பேரும் மெனக்கெட்டு நடந்து வந்தீங்க?" வைத்தியர் பக்கம் திரும்பினார். "கால் ஆறுற வரிக்கும் பாருங்க. அந்தக் காச உங்க கடன்ல கழிச்சி இவன் மேல ஏத்திக்கறேன்."

முடிந்தது. ஒரு காசுகூட ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகவில்லை. மேஸ்திரி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது, மயிலைக்குக் கால் வேண்டுமே.

அன்றே விளக்கு வைத்துக்கொண்டு வைத்தியர் காலைக் கீறினார். அதற்கப்புறமும் அடிக்கடி வந்தார். முன்னைவிட அக்கறையாக, வேண்டாத நாளிலும் வந்தார். ஒவ்வொரு வருகைக்கும் அவர் கடன் இறங்கிற்று, என் கடன் ஏறிற்று. "போதுங்க, ஆறிப்போச்சி" என்று நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. மயிலை நான்கு காலையும் ஊன்றி நடந்தது. அதன் காலில் சாதாரண லாடம், சீக்கிரம் தேய்கிற நல்ல லாடம்.

வாடகை மாட்டைத் திருப்பிக் கொடுக்க மயிலையையும் ஓட்டிக்கொண்டு போனபோது மேஸ்திரி குதிரையின் குளம்பைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தார். வைத்தியர் என் முகத்தைப் பார்க்காமல் குதிரையின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். சுரண்டி முடித்ததும் மேஸ்திரி சாய டப்பாவைத் திறந்து மயிலையின் அருகே வந்தார்.

"இதுக்குத்தான் ஏற்கனவே பூசியாச்சேங்க," என்றேன்.

"அது மாட்டுக் கடன்டா. இது வைத்தியக் கடன்." வலது கொம்பையும் அடியிலிருந்து நுனிவரை பூசினார்.

வீட்டுக்கு ஓட்டி வந்து மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ரெண்டு கொம்பும் செவப்பு. மாட்டுப் பொங்கலுக்கு வர்ணம் வாங்கற செலவு மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. தவிட்டைத் தொட்டியில் கொட்டிவிட்டு, "வெள்ளைக்கு இன்னும் ஒரு கொம்பு பாக்கி கீது. ஒம் மச்சான் பட்டறைப் பக்கம் போவாம இரு," என்றாள்.

நான் வெள்ளையைப் பார்த்தேன். அது தலையைத் திருப்பிக்கொண்டது.