அந்தக் கார்ட்டூன் படத்தில் கதையே இல்லை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால், கீழே கடையும் மேலே குடித்தனமுமாக இருந்த ஒரு கடைவீட்டின் மாடியில், அறைக்கு ஒரு குடும்பமாக வாழ்ந்தோம். சமையலறை எல்லோருக்கும் பொது. வீடுகளுக்குத் தொலைக்காட்சி வராத காலம். ஒருத்தி படத்துக்குப் போனால் மற்றவர்கள் அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள், அவள் வீட்டுச் சோற்றையும் வடித்துவிடுவார்கள். பதிலுக்கு அவள் திரும்பி வந்து, அடுப்படியில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்ல வேண்டும். பாட்டு எந்த இடத்தில் வந்தது என்பதுகூட விட்டுப்போகக் கூடாது.

அன்று என் முறை. பக்கத்து அறை அக்காவுக்கு மறுநாள் வயிற்றில் ஆபரேஷன்.

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு நெனச்சுப் பாக்க ஒரு நல்ல கதையாக் கொண்டா லா" என்று சொல்லி, என் மகளைத் தன் பாயில் படுக்க வைத்துக்கொண்டார்.

தமிழ்ப் படத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அக்காவை நினைத்ததும் வெறுங்கையோடு திரும்ப மனம் வரவில்லை. பஸ் ஏறி, டவுனில் ஓடிய ஒரு வெள்ளைக்காரக் கார்ட்டூன் படத்துக்குப் போனேன். ஊரே அதன் வண்ணத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது.

வண்ணத்துக்கு என்ன குறைச்சல்! ஒரு குருவி எதையோ தேடிக் கிளம்பியது. வழியில் பூக்கள் ஆடின. பூக்கள் முடிந்ததும் மீன்கள் ஆடின. போதாக்குறைக்கு மேகங்கள் வேறு. குருவி எதைத் தேடியது என்பதைப் படம் எடுத்தவர்களே மறந்துவிட்டார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் நெளிந்தேன். இதோ கதை வரும், இதோ வரும் என்று பார்த்தால் வானவில் வந்தது. அக்காவிடம் போய் என்னத்தைச் சொல்வது? அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் நானே கதை கட்டினேன். குருவிக்கு ஒரு தாயைக் கொடுத்தேன், அவளைத் தொலைத்தேன், இடையில் ஒரு பருந்தையும் சேர்த்தேன்.

அடுப்படியில் எல்லோரும் வெங்காயம் உரித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்திருந்தார். தாயும் குஞ்சும் சேரும் இடத்துக்கு நான் வருவதற்குள் கையை நீட்டி நிறுத்தினார்.

"நீயா இட்டுக்கட்டுற. படத்துல கதையே இல்ல, அதானே?"

நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"ஒரு வாரமா டாக்டர்லேர்ந்து எங்க வீட்டுக்காரர் வரைக்கும் எல்லாரும் எங்கிட்ட நல்லதாவே சொல்றாங்க. நீயாவது உள்ளதச் சொல்லு லா."

அவ்வளவுதான், பொரிந்து தள்ளிவிட்டேன். பூவைத் திட்டினேன். எழுந்து நின்று மீன் மாதிரி ஆடிக் காட்டினேன். இத்தனை வரைந்தவனுக்கு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்க வீட்டில் ஒரு ஆள்கூடவா இல்லை என்று கத்தினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மற்றவர்கள் உலையைப் பார்க்க எழுந்து போனார்கள். அக்கா என் கையைப் பிடித்தார்.

"எனக்குப் பயமா இருக்கு."

ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். விழுங்கிக்கொண்டேன்.

"எனக்கும்தான்க்கா" என்றேன்.