அண்ணி போட்ட சத்தம்

எங்கள் ஃபுட்பால் டீமில் அவர் சென்டர் பேக். முழங்கால் ஒத்துழைக்காமல் போகும்வரை ஆடினார். பிறகு கோச் ஆனார். யாரும் அவரை நியமிக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் பூட்ஸைக் கழற்றி மைதானக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, அங்கே நின்றபடியே கத்த ஆரம்பித்தார்.

அவருக்கு நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனிடம் பேசவே அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்க வேண்டும். அதே குரலைத்தான் மைதானத்துக்கும் கொண்டுவருவார். "லெஃப்ட்ட பாருடா! நின்னுகினு என்னத்த வேடிக்க பாக்கற?" நான்தான் லெஃப்ட் பேக். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். அவர் திட்டியதில் பாதி என் பங்கு. ஆனால் என் அப்பா இறந்துபோனதாகத் தந்தி வந்த அன்று, ஷிஃப்ட் முடிந்து வந்த உடுப்போடு என்னுடன் பஸ் ஏறியவர் அவர். கழுத்தில் சிலுவை தொங்க எங்கள் ஊர்ச் சுடுகாடுவரை பாடைக்குத் தோள் கொடுத்தார். டீமில் ஒவ்வொருவனுக்கும் அவரைப் பற்றி இப்படி ஒன்று சொல்ல இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் அவர் குரல் கம்மியது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்று நாங்கள் கிண்டல் செய்தோம். அவரும் மிளகைக் கடித்துக்கொண்டு வந்து நிற்பார். மாதங்கள் போயும் சரியாகவில்லை. மெட்ராஸுக்குப் போய்ப் பார்த்தபோது தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவருக்குக் கழுத்தின் கீழே ஒரு துளை இருந்தது. மூச்சு அதன் வழியாகத்தான். தூசு உள்ளே போகக் கூடாது, துளைமேல் எப்போதும் ஈரத்துணி இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெய்வேலியில் தூசு இல்லாத இடம் ஏது? ஆனாலும் அவர் மைதானத்துக்கு வந்தார். அவர் நிற்கும் பக்கத்தில் மட்டுமாவது மண் பறக்காமல் இருக்கட்டும் என்று, பிராக்டிஸுக்கு முன்னால் நாங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தோம்.

கை தட்டினார். பந்தோடு ஓடுகிறவனுக்கு அது கேட்கவில்லை. கையை வீசிக் காட்டினார். முதுகைக் காட்டி நின்றவனுக்குத் தெரியவில்லை. வாய் மட்டும் முன்னைப்போலவே அசையும். துளையிலிருந்து 'ஸ்ஸ்' என்று காற்று வரும். எங்களுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியாமல் போனது.

துணியை நனைத்துக் கொடுக்க ஒரு சொம்புத் தண்ணீரோடு அவர் மனைவியும் கூட வருவார். எங்களுக்கு அண்ணி. கடலூர்ப் பக்கம் பிறந்தவர், மெதுவாகப் பேசுகிறவர். வீட்டுக்குப் போனால் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒருநாள் எனக்குப் பின்னால் ஒரு ஃபார்வர்டு ஏறி வருவதை நான் கவனிக்கவில்லை. கோட்டோரத்தில் அவர் துடித்துக்கொண்டிருந்தார். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணி திடீரென்று கத்தினார். "தம்பி! பின்னால ஆளு வருதுங்க!"

நான் திரும்பிவிட்டேன். பந்தையும் எடுத்துவிட்டேன். ஆனால் எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தோம். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவரோ மனைவியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

அதன்பிறகு அவர் உதட்டை அசைப்பார், அண்ணி சத்தம் போடுவார். அவர் திட்டியதெல்லாம் அண்ணி வாயில் மரியாதையாக மாறி வந்தது. "நின்னுகினு இருக்காதீங்க தம்பி, ஓடுங்கன்றாரு!" எங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்தபடியே ஓடுவோம்.

அந்த வருஷம் நெல்லிக்குப்பத்தில் ஒரு டோர்னமென்ட். மைதானத்தைச் சுற்றிக் கரும்பு ஆலை ஆட்களும் ஊர்க்காரர்களும் நின்றார்கள். அண்ணி முதல் சத்தம் போட்டதுமே கூட்டம் பிடித்துக்கொண்டது.

"யோவ், பொம்பள கோச்சுயா!"

"புருசன் வாய வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டாரா?"

அண்ணிக்கு முகம் வெளுத்தது. அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ மனைவியின் தோளைத் தொட்டுத் திருப்பி என்னவோ சொன்னார். அண்ணி அதையும் அப்படியே உரக்கச் சொல்லிவிட்டார். "அவனுங்கள வுடு, நீ என் வாயப் பாருன்றாரு!"

கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. அண்ணி நிறுத்தவில்லை. கடைசி விசில்வரை தொண்டை கிழியக் கத்தினார். ஒரு கோலில் தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் அவருக்கு இருமல் வந்தது. கழுத்துத் துணி சிவந்ததை முன் சீட்டிலிருந்து திரும்பிய நான் பார்த்தேன். நான் பார்த்ததை அண்ணியும் பார்த்தார். முந்தானையை இழுத்து அந்தத் துணியை மூடினார்.

மெட்ராஸில் இந்த முறை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் குச்சியாகிப்போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீமாக எல்லோரும் போய்க் கட்டிலைச் சுற்றி நின்றோம். எங்களைப் பார்த்ததும் அவர் உதடு அசைந்தது. வழக்கம்போல நாங்கள் அண்ணி பக்கம் திரும்பினோம். அண்ணி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி சொல்றாரு?" என்று எங்கள் கோல்கீப்பர் கேட்டான்.

"உங்களுக்கு இல்லீங்க. எனக்குச் சொல்றாரு."

நாங்கள் வெளியே வந்து வாசல் வேப்பமரத்தடியில் நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த வாரமே அவர் போய்விட்டார். காலை ஷிஃப்ட் முடித்த உடுப்போடு கல்லறைக்கு வந்தவர்கள்தான் அதிகம். குழியில் மண் போடும்போதும் அண்ணியிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அண்ணியின் அம்மா அவரை உலுக்கி, "அழுடி, அழுதுடுடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அடுத்த சீசனில் முதல் மேட்சுக்கு அண்ணியைக் கூப்பிட்டோம். எங்களுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்தார். அதே கோட்டோரத்தில் நின்றார். பந்து இங்கும் அங்கும் போனது. எங்கள் வலையில் இரண்டு கோல் விழுந்தது. இடைவேளையில் போய் நின்ற எங்களிடம் கையைக் கூப்பினார்.

"எனக்கு ஆட்டமே தெரியாதுங்க தம்பி. பந்து எங்க போவுதுன்னுகூட பாத்ததில்ல. அவரு வாயத்தான் பாத்துகினு இருந்தன்."

மேட்ச் முடியும்வரை இருந்துவிட்டுத்தான் போனார். பிறகு மைதானத்துக்கு வரவேயில்லை. கம்பெனி ஆஸ்பத்திரியில் அவருக்கு வாரிசு வேலை கிடைத்தது. ஷிஃப்ட் பஸ்ஸில் சில காலைகளில் பார்ப்பேன். "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்பார். பஸ் இரைச்சலில் அது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன்.