தோள் நம்மது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அது தெரிந்துதான் என் கல்லூரி நண்பனின் மனைவி போனில் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அவரு போயிட்டாருங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்ளோதான்."

அழுதார். நானும் அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி பேசினார்.

"நீங்க மட்டும் வாங்கண்ணே. சங்கத்து ஆளுங்க யாரும் வேணாம். பொண்ணுக்கு இடம் பேசிகினு இருக்கோம். நாம யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. கோச்சிக்காதீங்க."

போனைச் சுவரில் அடித்திருப்பேன். அவனுக்கா சங்கத்து ஆட்கள் வேண்டாம்? சங்கத்தை ஆரம்பித்தவனே அவன்தானே!

நாங்கள் இருவரும் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் காலனிப் பையன்கள். திருத்தணியில் கல்லூரியில் சேர்ந்தபோது தங்க ரூம் தேடினோம். "எந்த ஊருப்பா?" என்பார்கள். சொல்வோம். "ஊரா, காலனியா?" என்பார்கள். அதற்கும் சொன்னால், காலியாக இருந்த ரூம் அந்த நிமிடமே நிரம்பிவிடும். அதே வீட்டு மாடியில் ஆடிக் கிருத்திகைக்கு எங்கிருந்தோ வந்த காவடிக்காரர்கள் படுத்திருப்பார்கள், அவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. மலைமேல் இருப்பவன் குறத்தியைக் கட்டிக்கொண்டவன். அடிவாரத்தில் எங்களுக்கு ரூம் இல்லை. கடைசியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் தங்கள் மாவு மில்லுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைக் கொடுத்தது. எங்களைப் போலவே அலைந்த இன்னும் மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள்.

அவன் நூலகத்தில் எதையாவது படித்துவிட்டு வந்து எங்கள் தூக்கத்தைக் கெடுப்பான். ஒருநாள் அமெரிக்கக் கறுப்பினப் பையன்களின் கதையோடு வந்தான். கல்லூரியில் இடம் கொடுத்தார்கள், ஹாஸ்டலில் கொடுக்கவில்லை, கூட உட்கார ஆளில்லை. சரி போங்கடா என்று தாங்களே ஒரு சகோதர சங்கம் கட்டினார்களாம். கிரேக்க எழுத்தில் பெயராம். ஊர் ஊராக வளர்ந்ததாம். படிப்பு முடிந்தாலும் உறவு முடியாதாம். ஒருவன் செத்தால் மற்றவர்கள் வந்து சுற்றி நின்று வழியனுப்புவார்களாம்.

"நாமளும் ஆரம்பிக்கலாம்டா" என்றான்.

"நமக்கு இன்னா எழுத்து?" என்று கிண்டலடித்தேன்.

"எழுத்து இன்னாத்துக்கு? பாவான்னு கூப்டுக்கலாம். தெலுங்குக்காரனுக்கும் புரியும், நம்மாளுக்கும் புரியும். மாமன் மச்சான் ஆயிட்டா அப்புறம் எவன் பிரிப்பான்?"

விளையாட்டாகத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், ஐப்பசி மழையில் அவன் அப்பா இறக்கும் வரை. காலனி ஆண்களில் பாதிப்பேர் செங்கல் சூளைக்குப் போயிருந்தார்கள். ஊர்த் தெரு வழியாகப் பிணம் வரக்கூடாது என்றார்கள். சுற்றிப் போகிற வழியில் ஏரிக் கால்வாய், இடுப்பளவு தண்ணீர். துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்து நாங்கள்தான் பாடையைத் தூக்கினோம். எனக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. "நைனா நனைஞ்சிடப் போறாருடா, மேல புடிங்க, மேல புடிங்க" என்று கத்திக்கொண்டே வந்தான். புதைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தபோது அவனுக்குப் பல் கிட்டியது.

"இனிமே எந்தப் பாவா வூட்ல சாவு வுழுந்தாலும் தோள் நம்மது" என்றான். சங்கத்துக்கு இன்றுவரை அது ஒன்றுதான் விதி.

அடுத்த வருடம் பள்ளிப்பட்டுப் பையன்கள் வந்தார்கள். கொட்டகை போதவில்லை. பிறகு அரக்கோணம், வேலூர், சென்னை என்று எங்கெங்கோ கிளை விட்டது. நான் முகமே பார்க்காத பிள்ளைகள் இப்போது வாட்ஸ்அப்பில் "வணக்கம் பாவா" போடுகிறார்கள்.

அவன் பேங்க் அதிகாரியாகிச் சென்னையில் ஃபிளாட் வாங்கினான். எங்களில் ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. "சின்ன வூடுடா" என்பான். புரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வோம். ஆனால் எந்தச் சாவுக்கும் அவன் வராமல் இருந்ததில்லை. இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி யார் கையிலாவது கொடுத்துவிட்டு முன்னால் வந்து தோள் கொடுப்பான். என் அம்மாவையும் அப்படித்தான் தூக்கினான்.

அவன் சாவுக்கு யாரும் வரவேண்டாம் என்று குரூப்பில் நான்தான் போட்டேன், காரணத்தோடு. உடனே ஒரு சின்னவன் போன் பண்ணினான். "இன்னா பாவா, செத்தும் ஒளிஞ்சிகினு போணுமா அவரு?"

"உனுக்குப் பொண்ணு கீறாளாடா? வாய மூடு!" என்று கத்தினேன். எனக்கு இருக்கிறாள். அதுதான் கத்தினேன்.

ஃபிளாட் அசோசியேஷன் செயலாளர் பணிவாகத்தான் பேசினார். யாராக இருந்தாலும் பாடி பின் கேட் வழியாகத்தான் போகவேண்டுமாம், எல்லோருக்கும் ஒரே சட்டமாம். அடப்பாவி, இதற்கா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து மனதுக்குள் கேட்டேன். யூனிபார்ம் போட்ட ஆட்கள் அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். நான் ஒரு மூலையைப் பிடித்தேன். "விடுங்க சார், எங்க வேலை" என்று ஒருவர் என் கையை விலக்கினார்.

எங்களில் புதைப்பதுதான் வழக்கம். அவனை எரிக்கக் கொண்டுபோனார்கள். வண்டியில் அவன் பக்கத்தில் மகளும் நானும் உட்கார்ந்தோம். சம்பந்தி வீட்டார் பின்னால் காரில் வந்தார்கள்.

பின் கேட்டைத் தாண்டியதும் சாலையோரம் பஸ் ஸ்டாப். அங்கே நின்றிருந்தார்கள். நரைத்தவர்கள், காலேஜ் பையை மாட்டிய பிள்ளைகள். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போலத் தள்ளித் தள்ளி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. எல்லோர் தோளிலும் நாலாக மடித்த துண்டு.

அந்தப் பெண் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "அங்கிள், அப்பாவுக்குத் தோள் குடுக்க நாலு பேரு கூட இல்லையா? எல்லார் சாவுக்கும் ஓடுவாரே அங்கிள். ஒருத்தர் கூட வரலையே."

சங்கத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று அவள் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"எல்லாரும் தூரத்துல இருக்காங்கம்மா" என்றேன். சிக்னல் விழுந்து, வண்டி அவர்களுக்கு முன்னாலேயே நின்றிருந்தது.