இறங்கும்வரை சோறில்லை

போர்ச் சமயத்தில் அப்பா பெங்களூரில் போர் விமானம் செய்யும் தொழிற்சாலையில் மெக்கானிக். புது விமானத்தைச் சோதிக்க பைலட் மேலே போனால், அவர் இறங்கும்வரை அதன் பாகங்களைப் பூட்டியவர்கள் யாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கமாட்டார்களாம்.

ஓய்வு பெற்று ராஜபாளையம் வந்த பிறகும் அப்பா இந்தக் கிறுக்கை விடவில்லை. தொண்ணூறுகளில் ஒரு நாள், புது மொபெட்டில் இந்தா இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போய்வந்தேன். மூணு மணிக்கு, ஆறிப்போன சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் என்ன பிளேனா ஓட்டிட்டு வாரேன்? சாப்பிட்டுத் தொலைக்க வேண்டியதுதானப்பா?"

அப்பா நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தார்.

"ஒரே ஒரு நாள் பசி தாங்காமச் சாப்பிட்டுட்டேம்மா. அன்னைக்கு மேல போன பைலட் பையன் திரும்பி வரல."