சத்தமில்லாத போன்

பிரேக் மாஸ்டர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கைத் தொட்டதற்கெல்லாம் மிதிப்பார். வீட்டிலும் அதே புத்திதான். கல்யாணத்துக்கு ஒரு கோ-ஆர்டினேட்டரை வைத்துக்கொள்ளலாம் என்று மகள் வாயெடுத்ததுமே மிதித்துவிட்டார்.

"சொந்தத்துல அத்தனை கல்யாணத்தையும் உங்கம்மா ஒத்தையா நின்னு நடத்துனவ. அவ பொண்ணு கல்யாணத்துக்கு வெளியாளா?"

மகள் அதோடு விட்டுவிட்டாள். அம்மா போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பேச்சு வந்தாலே அப்பா எழுந்துபோய், ஏற்கெனவே பளபளவென்று இருக்கும் காரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆக, மனிதர் தானே களத்தில் இறங்கினார். வகுப்புகளுக்கு நடுவே மண்டபம், சமையல், போட்டோ என்று நாயாக அலைந்தார். பலன்? சமையல்காரர் வேறு இடம் ஒப்புக்கொண்டுவிட்டார். போட்டோக்காரர் கைவிரித்தார். இன்று காலையில் மண்டபத்துக்குப் போனால், அந்தத் தேதியை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்று மேனேஜர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்கிறான். அடுத்த மாதம் கல்யாணம். சம்பந்தி வீட்டாரின் முகத்தில் எப்படி முழிப்பது?

"ஊர்ல ஒருத்தனுக்கும் வாக்கு சுத்தம் இல்லம்மா," என்று மகளிடம் சொல்லும்போதே அழுதுவிட்டார். "எனக்கு ஒண்ணும் புரியல. அந்தப் பொண்ண வரச் சொல்லு."

சாயங்காலம் கோ-ஆர்டினேட்டர் வந்தாள். மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"உங்க நம்பர் சொல்லுங்கப்பா."

அவர் கடகடவென்று ஒப்பித்தார். அவள் அழைத்துப் பார்த்தாள்.

"ரிங் போகுது. இங்க சத்தமே வரலையே?"

மகள் நிமிர்ந்தாள். "அப்பா, அது அம்மா நம்பர்."

வண்டியில் இருக்கும்போது அவர் போனைத் தொட மாட்டார். அதனால் வீட்டுக்குப் போன் வந்த நாளிலிருந்து யார் நம்பர் கேட்டாலும் அவர் வாயில் வருவது மனைவியின் நம்பர்தான். அவள் எடுப்பாள், பேசுவாள், முடிப்பாள். அந்தப் போன் இப்போதும் சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் அவரே, திரையைப் பார்க்காமல், சார்ஜ் போடுகிறார். அது அடித்து, அவள் எடுக்க வராமல் போவதைக் கேட்கச் சகிக்காமல் சத்தத்தை மட்டும் அடைத்து வைத்திருக்கிறார்.

மகள் அதை எடுத்துவந்து, யாரும் எடுக்காத அழைப்புகளைக் காட்டினாள். மண்டபம். சமையல்காரர். மறுபடி மண்டபம். போட்டோக்காரர். அத்தனை பேரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார்கள்.

"நானே கெடுத்துட்டேனா?" என்றார் மாஸ்டர். "என் பொண்ணு கல்யாணத்த நானே கெடுத்துட்டேனா?"

கோ-ஆர்டினேட்டர் மெதுவாகச் சொன்னாள். "மண்டபம் கிடைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுப்பா. தேடிப் பாக்கறேன்."

"பாருங்கம்மா. எல்லாத்தையும் நீங்களே பாருங்க. அவ இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியல."

அப்போது அந்தப் போனில் வெளிச்சம் வந்தது. மகள் கையை நீட்டினாள். அவர் முந்திக்கொண்டு எடுத்துக் காதில் வைத்தார்.

"அக்கா! எத்தன வாட்டிதான் கூப்புடறது?" பூக்கடைக்காரம்மாவின் வெண்கலக் குரல் கூடமெங்கும் கேட்டது. "நம்ம பொண்ணு கல்யாணம்னு அண்ணன் வந்து சொல்லிட்டுப் போனாரு. நீங்க வந்து பூவப் பாக்க வேணாமா? என்ன கோவம் என்மேல?"

கடைக்குப் போன அன்று அவளிடம் அதை மட்டும் சொல்லாமல் வந்திருந்தார். யாரிடமும் இதுவரை அவர் வாயால் சொன்னதில்லை.

"அக்கா இல்லம்மா," என்றார். "செத்துப்போயிட்டா. நான்தான் பேசறேன், சொல்லு."